மலை எங்கியும் ஓடிப் பூடாது!

ஆம்பூரில் வேலை பார்க்கிற ஆசாமிகளுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. திங்கள் முதல் சனி வரை தோல் வாடை, ஷிப்மெண்ட் அவசரம், 'பையர் வர்றான்' என்ற பீதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்ப்பார்கள். (இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கும்.) 'ஒரு நாள் ஏறணும்டா' என்று பெருமூச்சு விடுவார்கள். பிறகு பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். நல்ல பழக்கம். உயிருக்கு ஆபத்தில்லை.

நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் நிஜமாகவே ஏறிவிட்டோம். அங்கேதான் வந்தது வினை!

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். (பி.காம்., செகண்ட் கிளாஸ். டெபிட் வேறு, கிரெடிட் வேறு என்கிற அளவுக்குப் புலமை உண்டு.) கூட வந்த மூன்று பேரையும் அவரவர் டிபார்ட்மென்ட் பெயரிலேயே அழைக்கிறேன். நிஜப் பெயரைப் போட்டால் அவர்கள் வீட்டில் இப்போதுகூட விசாரணைக் கமிஷன் உட்காரும். டிஸ்பாட்ச், கேஷியர், ஸாம்பிள் ரூம்.

2017 ஜனவரி கடைசி ஞாயிறு. தை அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். காலை ஆறு மணிக்கு ஆம்பூரில் பஸ், எட்டரைக்கு ஏலகிரி, ஒன்பதுக்கு சுவாமிமலை ஏற ஆரம்பித்து மதியத்துக்குள் இறங்கிவிடுவது என்று திட்டம். எக்ஸெலில் போட்ட திட்டம் ஸார்! கலர்கூடக் கொடுத்திருந்தேன்.

ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நான் மட்டும் இருந்தேன். ஏழேகாலுக்கு ஸாம்பிள் ரூம் வந்தார். எட்டு மணிக்கு டிஸ்பாட்ச். எட்டரைக்கு வந்த கேஷியர், வந்ததும் வராததுமாக "டிபன் சாப்பிட்டாச்சா?" என்றார். அப்புறம், பிரியாணி பார்சல் இல்லாமல் ஆம்பூர் எல்லையைத் தாண்டுவது ஊருக்குச் செய்கிற துரோகம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அண்டா திறக்கிறவரை காத்திருந்தோம். பொன்னேரியில் பஸ் மாறி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வள்ளலிடம் கேஷியர் காலை டிபனை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தார். எந்த வள்ளல் என்று சொல்லமாட்டேன். மேலே போனதும் புங்கனூர் ஏரியில் படகு. 'வந்ததுக்கு ஒரு ரவுண்டு' என்று ஆரம்பித்து மூன்று ரவுண்டு. சுவாமிமலை அடிவாரத்தில் மங்களம் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

அங்கே ஒரு டீக்கடை. பெரியவர் ஒருத்தர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். நாலு டீ, நாலு பஜ்ஜி, 64 ரூபாய். பணமதிப்பு நீக்கம் முடிந்து மூன்றாவது மாசம். எங்கள் நாலு பேர் பர்ஸிலும் இருந்தது ரோஸ் கலர் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு மட்டும்தான். பெரியவர் நோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"சில்லறை ஏது தம்பி? வரும்போது குடுங்க. எங்க போறீங்க?"

"மேல. சுவாமிமலைக்கு."

"இப்பயா?" என்று வானத்தைப் பார்த்தார். "காலைல வாங்க தம்பி. மலை எங்கியும் ஓடிப் பூடாது."

நாங்கள் சிரித்தோம். மூன்று கிலோமீட்டர் சொச்சம்தானே! டிஸ்பாட்ச் தினமும் ஆபீஸ் கேன்டீனுக்கே அவ்வளவு தூரம் நடப்பவர்.

தோல் ஷூவும் காய்ந்த புல்லும்

டிஸ்பாட்ச் போட்டிருந்த ஷூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய சரக்கில் தையல் கோணல் என்று ரிஜெக்ட் ஆன ஜோடி. அப்பர் தோல், லைனிங் தோல், அடியும் வழவழவென்று தோல். ரிசப்ஷனில் மார்பிள் தரையில் நடந்தால் 'டக் டக்' என்று மரியாதை கிடைக்கும். மலையில்? உலகத்துக்கே செருப்புத் தைத்துப் போடுகிற ஊர்க்காரர்கள் நாலு பேர், மலை ஏறத் தகுந்த ஷூ ஒன்றுகூட இல்லாமல் போனோம். எனக்கு ஆபீஸ் செருப்பு. கேஷியருக்கு ரப்பர் ஸ்லிப்பர்.

தண்ணீர்? நாலு பேருக்கும் சேர்த்து ஒரு லிட்டர். அதற்குப் பதில் இரண்டு லிட்டர் கலர் பாட்டில் இருந்தது. டார்ச் இல்லை. விசில் இல்லை. வனத்துறையிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர ஐந்தேகால். அந்த அழகை ஏன் மறைக்கவேண்டும்? ஒரு பக்கம் ஜவ்வாது மலை நீலமாக மடிப்பு மடிப்பாகப் போகிறது. கீழே சமவெளியில் எறும்பு மாதிரி ஒரு ரயில். காற்றில் தோல் வாடை துளிகூட இல்லை! பிரியாணியைப் பிரித்தோம். போட்டோ எடுத்தோம். குதித்து ஒரு போட்டோ, யோசிப்பதுபோல் ஒரு போட்டோ, மலையைப் பார்க்காமல் மலையைப் பார்ப்பதுபோல் ஒரு போட்டோ. எழுந்தபோது ஆறு மணி.

நம் ஊரில் சூரியன் மறைந்தால் அரைமணிகூட வெளிச்சம் தங்காது. காட்டுக்குள் மரநிழல் வேறு. ஆறரைக்குப் பாதை கரைந்துவிட்டது. "எனக்குக் குறுக்கு வழி தெரியும்" என்று கேஷியர் முன்னால் போனார். (அன்றுதான் முதல் தடவையாக ஏலகிரிக்கு வந்தவர்.) பின்னாலேயே டிஸ்பாட்ச் காய்ந்த புல்லில் கால் வைத்தார். தோல் அடி புல்லில் என்ன செய்யும்? ஐஸ் கட்டியில் சோப்பு வைத்த மாதிரி பத்தடி சர்ரென்று போய் ஒரு பாறையில் கால் மடங்கி விழுந்தார். கணுக்கால் இட்லிப் பானை மாதிரி வீங்கிவிட்டது. தூக்கி உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கேஷியரைக் காணோம்!

கத்தினோம். பதில் இல்லை. என் போனில் பேட்டரி ஒன்பது பர்சென்ட், சிக்னல் பூஜ்யம். ஸாம்பிள் ரூம் போன் போட்டோ எடுத்தே உயிரை விட்டிருந்தது.

அப்போதுதான் ஸாம்பிள் ரூம் மெதுவாகக் கேட்டார். "வீட்ல என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க?"

நான் 'ஆடிட்' என்று சொல்லியிருந்தேன். டிஸ்பாட்ச், 'கன்டெய்னர் லோடிங், ராத்திரி லேட்டாகும்'. ஸாம்பிள் ரூம், 'சென்னைல கல்யாணம்'. கேஷியர் மனைவியிடம் 'ஸ்டாக் டேக்கிங்' என்று விட்டிருந்தார்.

ஸார், அந்த நிமிஷம் வயிற்றில் ஏதோ கழன்று விழுந்தது. நாங்கள் இந்த மலையில் இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது! நாளைக் காலை வரை யாரும் தேடமாட்டார்கள். தேட ஆரம்பித்தால் எங்கே தேடுவார்கள்? ஒருத்தனை ஆபீஸில், ஒருத்தனை சென்னைக் கல்யாண மண்டபத்தில். பொய்யைக்கூட நாலு பேரும் சேர்ந்து ஒரே பொய்யாகச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். குளிர் சட்டைக்குள் புகுந்தது. மேற்கே சுக்கிரன் பெரிசாக எரிந்து மறைந்தது. அவ்வளவு நட்சத்திரங்களை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அடுத்த மலையான ஜவ்வாதில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதல்லவா... ஊர் வெளிச்சம் படாத இருட்டைத் தேடி வந்துதான் விஞ்ஞானிகள் அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை வைத்திருக்கிறார்கள். வானம் பார்க்க அவர்களுக்கு இருட்டு வேண்டும். எங்களுக்கு அன்று ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு போதுமாயிருந்தது.

எட்டரை மணிக்குக் கீழே ஒரு டார்ச் வெளிச்சம். கூடவே குரல். "தம்பீ... டீ காசு குடுக்காம எங்க பூட்டீங்க?"

டீக்கடைப் பெரியவர்! இரண்டு இளைஞர்களோடு வந்திருந்தார்.

"கடை சாத்துற நேரம். கணக்குப் பார்த்தேன். மேல போனது நாலு, கீழ வந்தது சைபர். 64 ரூபா வரணும். அதான் வந்தேன்."

ஐந்து வருஷம் கணக்கெழுதி நான் கண்டுபிடிக்காத வித்தையை அவர் ஒரு பஜ்ஜிக் கரண்டியோடு கண்டுபிடித்திருந்தார். கடன்காரனாக இருந்ததால் உயிர் பிழைத்த காமர்ஸ் பட்டதாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கையில் சில்லறை இருந்து அறுபத்து நாலு ரூபாயை முன்னாலேயே கொடுத்திருந்தால்? இப்போது நினைத்தாலும் முதுகு சில்லிடுகிறது.

கேஷியரை ராத்திரி பத்தரைக்குக் கண்டுபிடித்தார்கள். ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பயமா இருந்துச்சு. அதான் நகரவே இல்லை" என்றார். பெரியவர் டார்ச்சை அந்தப் பாறைக்கு அப்பால் அடித்துக் காட்டினார். வெளிச்சம் கீழே போய்க்கொண்டே இருந்தது. தரை தட்டவில்லை.

"பயந்தியே, அதான் நல்லது" என்றார் பெரியவர்.

குரங்கணி

ஆபீஸில் இதை ஒரு வருஷம் ஜோக்காகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமையோடு சிரிப்பு நின்றுபோனது.

தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. ஆள் உயரக் காய்ந்த புல், காற்று, செங்குத்துச் சரிவு. ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் உள்ளூர் ஜனங்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின.

பேப்பரில் அந்த முகங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் இருபது, முப்பது வயசு. வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனவர்கள். எங்களைப்போல, உங்களைப்போல. நாங்கள் பிரியாணி சாப்பிட்ட இடத்திலும் புல் காய்ந்துதான் கிடந்தது. அன்று கேஷியர் அதன்மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார். அதை இப்போது எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் தமிழக அரசு 2018-லேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வனத்துறை திறந்தது. நம் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் உண்டு. முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்யவேண்டும். உள்ளூர் மலைவாசி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருகிறார்கள். காட்டுத்தீ சீஸனில் மூடிவிடுகிறார்கள். 'கவர்ன்மென்ட் எல்லாத்துக்கும் ஃபீஸ் வாங்குது' என்று முணுமுணுக்காதீர்கள். அந்தக் கட்டணத்தில் உங்களுக்குக் கிடைக்கிற முக்கியமான சேவை ஒன்றுதான்: மேலே எத்தனை பேர் போனார்கள், கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒருத்தர் எண்ணுகிறார்.

அனுபவஸ்தன் சொல்கிறேன்

உடனே "புலி வந்தா என்ன ஸார் பண்றது?" என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். மலையில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மிருகமில்லை. லேட்டாகக் கிளம்பியது, தண்ணீர் குறைந்தது, வழுக்கியது, 'வந்தது வந்துட்டோம், உச்சியைப் பார்த்துட்டே போயிடலாம்' என்கிற வீம்பு. வரிசையாகச் சொல்கிறேன்.

மணி: திரும்பவேண்டிய நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மதியம் ஒரு மணி என்றால் ஒரு மணிதான். உச்சி ஐம்பது அடியில் கண்சிமிட்டினாலும் 'அபவுட் டர்ன்'. உச்சி என்பது பாதி வழி, மீதிப் பாதி களைத்த காலோடு இறங்குவது. விபத்து பெரும்பாலும் அந்தப் பாதியில்தான்.

ஷூ: இது என் ஊர் சப்ஜெக்ட், நம்புங்கள். அடியில் ஆழமாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் வேண்டும். இறங்கும்போது கால் முன்னால் நகர்ந்து விரல் இடிக்கும், அதனால் அரை சைஸ் பெரிசாக, சாயங்காலம் போய் வாங்குங்கள். (நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது.) புது ஷூவை மலையில் திறப்பு விழா செய்யாதீர்கள். பத்து நாள் மார்க்கெட்டுக்குப் போட்டுப் பழக்குங்கள்.

பை: ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. டார்ச், ஒரு பத்து ரூபாய் விசில். கத்தினால் தொண்டை பத்து நிமிஷத்தில் போய்விடும், விசில் போகாது. மூன்று மூன்று தடவையாக ஊதினால் 'உதவி வேண்டும்' என்று அர்த்தம். போனை மேலே போகிறவரை ஏரோபிளேன் மோடில் வைத்தால் பேட்டரி மிஞ்சும். ஆபத்தில் 112. உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் பக்கத்தில் இருந்தால் அந்த எண் போக வாய்ப்பு உண்டு.

வழி தப்பினால்: கேஷியர் மாதிரி பாறையைக் கட்டிப்பிடியுங்கள். உட்கார்ந்த இடத்தில் இருப்பவனைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். இருட்டில் நடப்பவன் ஒவ்வொரு நிமிஷமும் தேடுகிறவனைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறான். குழுவாகப் போனால் கடைசி ஆளுக்காக முதல் ஆள் காத்திருக்கவேண்டும். 'குறுக்கு வழி தெரியும்' என்பவரை முதலில் பிடித்துக் கட்டுங்கள்.

பாம்பு: பாம்புக் கடியால் 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஆராய்ச்சி சொல்கிறது. வருஷத்துக்கு சராசரி 58,000. கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுக்காதே. மோதிரம், வாட்ச், கொலுசைக் கழற்று. எலும்பு முறிந்த மாதிரி அந்தக் கையையோ காலையோ ஆடாமல் கட்டைவைத்துக் கட்டு. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு 108-ல் ஆஸ்பத்திரிக்குப் போ. பாம்பை அடித்து எடுத்துப் போகவேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து எடுத்துக் கொடுக்கிறது. பாம்புகளை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களே புதரில் பார்க்காமல் கை வைப்பதில்லை.

அருவி: ஜலகாம்பாறைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தலைக்கு மேலே வெயில் அடிக்கலாம், மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் சோப்பை விட்டுவிட்டு ஓடிவாருங்கள். இன்னொரு சோப்பு வாங்கிக்கொள்ளலாம்.

இடி: மின்னலுக்கு நம் நாட்டில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் பலியாகிறார்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தால் நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். உச்சியும் தனி மரமும் அப்போது ஆகாது.

தீ: தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சூடு முன்னாலேயே போய் மேலே இருக்கிற புல்லைக் காயவைத்துவிடும். அதனால் தீயை விட்டு மேலே ஓடி ஜெயிக்க முடியாது. காற்றுக்குக் குறுக்காக நகர்ந்து, புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை, தண்ணீர் இருக்கிற இடம் இவற்றைத் தேடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், புல் காய்ந்த மாதங்களில் போகாமலிருப்பது. பீடி, சிகரெட், சமையல் அடுப்பு மலையில் கூடவே கூடாது.

சரி, மிருகம்! பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லைக் கவுண்டின்யா சரணாலயத்து யானைகள் வந்துபோகும். சிறுத்தை? 2024 ஜூனில் திருப்பத்தூர் டவுனுக்குள்ளேயே, கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஸ்கூலுக்குள் புகுந்துவிட்டது. நாம் காட்டைப் பார்க்கப் போகாவிட்டாலும் காடு நம்மைப் பார்க்க வரும் போலிருக்கிறது! சிறுத்தையைக் கண்டால் ஓடாதே, குனியாதே. முகத்தைக் காட்டிக்கொண்டே பின்வாங்கு. யானை என்றால் தூரத்தில் பார்த்தபோதே சத்தமில்லாமல் வந்த வழி திரும்பு. செல்ஃபி வேண்டாம், அதன் முகம் போட்டோவில் நன்றாக விழாது. மலைத்தேனீக் கூடு இருக்கிற பாறைப் பக்கம் சென்ட், புகை, கூச்சல் மூன்றும் விலக்கு.

இவ்வளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்றால் ஒன்றே ஒன்று போதும். எங்கே போகிறேன், யாரோடு, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும்... இதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பொய் சொல்லியே ஆகவேண்டும் என்றால் வேறு எதிலாவது சொல்லுங்கள், மலை விஷயத்தில் வேண்டாம்.

மறுபடியும்

2024 டிசம்பரில் நாங்கள் நாலு பேரும் மறுபடி போனோம். நான் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை, கேஷியருக்குத் தொப்பை, ஸாம்பிள் ரூமுக்கு வழுக்கை, டிஸ்பாட்சுக்குக் குளிர்காலத்தில் கணுக்கால் வலி. இந்தத் தடவை பதிவு செய்து, வழிகாட்டித் தம்பியோடு, காலை ஏழு மணிக்கே. டிஸ்பாட்ச் காலில் கெட்டி ரப்பர் அடி. அதைப் பத்து நாள் ஆபீஸுக்குப் போட்டு எல்லோர் கேலியையும் வாங்கியிருந்தார்.

மெதுவாக நடந்தோம். வேகமாகப் போனபோது தெரியாததெல்லாம் தெரிந்தது. வழிகாட்டித் தம்பி ஒவ்வொரு மரத்திடமும் சொந்தக்காரர் மாதிரி நின்று பேர் சொன்னான். ஓர் இடத்தில் ஈர மண்ணில் ஏதோ குளம்புத் தடத்தைக் காட்டி, "ராத்திரி வந்துட்டுப் போயிருக்கு" என்றான். நாங்கள் ஊரில் தூங்கிக்கொண்டிருந்தபோது இங்கே ஒரு முழு உலகம் வேலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தோம். நாலு ஆபீஸ்காரர்கள் ஐந்து நிமிஷம் பேசாமலிருந்தது, எங்கள் வரைக்கும் சரித்திரம்.

முக்கால்வாசி ஏறியிருப்போம். மேகம் இறங்கிற்று. தூரத்தில் ஒரு உறுமல். தம்பி வானத்தைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான்.

"அண்ணா, திரும்பிடலாம்ணா."

நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். யாரும் 'இன்னும் கொஞ்சம்தானே' என்று சொல்லவில்லை. இறங்கும் வழியில் டீக்கடை. பெரியவர் தளர்ந்திருந்தார், கல்லாவில் பேரன். எங்களை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கண்ணால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகுதான் டீ போடச் சொன்னார். இந்தத் தடவை காசை முதலிலேயே கொடுத்துவிட்டு, மறக்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"இறங்கிட்டோம்."

"தெரியும். பதினொன்றரைலேர்ந்து போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன். ஃப்ரிட்ஜ் மேல நீங்க ஒட்டிட்டுப் போன தாளைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லா நம்பரும் மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள் மனைவி. "உச்சிக்குப் போனீங்களா?"

"இல்ல. மேகம். பாதியிலயே திரும்பிட்டோம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பரவால்ல" என்றாள். "அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஸ்டாக் டேக்கிங்குக்கு நானும் ஒரு ஆள் இருந்தா நல்லதுதானே!"

கேஷியர் மனைவி அவளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். மலையில் தப்பிக்கலாம் ஸார். வீட்டில் முடியாது!